காணாமற்போன 1,024 பேர்

இருபதாயிரம் பேர் ஒரே இடத்திலிருந்து புறப்படுகிறார்கள். எல்லோருடைய கண்களும் கட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருவரும் முன்னாலோ பின்னாலோ, இடமோ வலமோ, மனம் போன போக்கில் அடியெடுத்து வைக்கிறார்கள். குறிப்பிட்ட அடிகள் நடந்து முடிந்ததும் அவர் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்று பார்த்து, அந்தத் தொலைவுக்குரிய பெட்டியில் ஒரு புள்ளி போடுகிறோம். கடைசியில் எல்லாப் பெட்டிகளையும் கூட்டினால் 20,000 வரவேண்டும் அல்லவா? வந்தது 18,976. மீதிப் பேர் எங்கே போனார்கள்?

இவர்கள் உண்மையான மனிதர்கள் அல்லர். வாயுவின் மூலக்கூறுகள் எவ்வாறு பரவுகின்றன என்பதை அறிவதற்காக எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர் ஒருவர் கணிப்பொறிக்குள் நடக்கவிட்ட கற்பனை மனிதர்கள். தடைகள் நிறைந்த மிகப் பெரிய களம் அது. ஒரு முறை கணக்கிட்டு முடிக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆய்வேட்டைக் கொடுக்க அவருக்கு ஒன்பது நாட்களே இருந்தன. தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

20,000-இலிருந்து 18,976-ஐக் கழித்துப் பாருங்கள். 1,024 வரும். புரோகிராம் எழுதிப் பழகியவர்களுக்கு இது மிகவும் பழக்கமான எண். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் கிடைப்பது. அதைக் கண்டவுடன் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். “எங்கேயோ ஓர் அட்டவணையை 1,024 இடங்களோடு நிறுத்தியிருக்கிறீர்கள். புரோகிராமைத் திரும்பப் படியுங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். அவர் நான்கு நாட்கள் படித்தார். தவறு கிடைக்கவில்லை. ஒன்பதில் நான்கு போயிற்று.

ஐந்தாம் நாள் ஒரு நோட்டுடன் வந்தார். நான்கு நாட்களாகப் படித்ததோடு நிற்காமல், அதே புரோகிராமை அதே கணிப்பொறியில் பத்து முறை ஓடவிட்டிருக்கிறார். எட்டு முறை 20,000. இரண்டு முறை 18,976. பக்கத்துக் கணிப்பொறியிலும் பத்து முறை ஓடவிட்டிருக்கிறார். பத்து முறையும் 20,000.

இங்கே சற்று நில்லுங்கள். மனம் போன போக்கில் நடப்பதென்றால் விடை ஒவ்வொரு முறையும் மாறத்தானே வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படியன்று. கணிப்பொறி தற்செயல் எண்களையும் ஒரு சூத்திரத்தைக் கொண்டே உண்டாக்குகிறது. தொடக்க எண் மாறாவிட்டால் வரிசையும் மாறாது. ஒரே புரோகிராம், ஒரே தொடக்க எண் என்றால், நூறு முறை ஓடினாலும் கடைசி இலக்கம் வரை ஒரே விடைதான் வரவேண்டும். புரோகிராமில் தவறிருந்தால்கூட அந்தத் தவறும் நூறு முறையும் ஒரே மாதிரி வரவேண்டும். எட்டு முறை சரி, இரண்டு முறை தவறு என்றால் தவறு புரோகிராமில் இல்லை, இயந்திரத்தில் இருக்கிறது.

அந்தக் கணிப்பொறி வேறொரு வகையிலும் எங்களுக்குத் தொல்லை கொடுத்து வந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது வேலையின் நடுவே அப்படியே நின்றுவிடும். அல்லது நீலத்திரை காட்டிவிட்டுத் தானே மீண்டும் தொடங்கும். ஒரு நாள் கடிதம் அடிக்கும்போது, ஒரு நாள் படம் பார்க்கும்போது, ஒரு நாள் சும்மா இருக்கும்போதே. “கரண்ட் சரியில்லை” என்று நாங்கள் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாணவர் பெட்டி வாரியாகவும் ஒப்பிட்டிருந்தார். மற்றப் பெட்டிகள் எல்லாம் சரி. ஒரே ஒரு பெட்டியில் 1,907 இருக்கவேண்டிய இடத்தில் 883 இருந்தது. அந்த இரண்டையும் கணிப்பொறியின் மொழியில், அதாவது இரும எண்களில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார்:

11101110011
01101110011

முதல் இலக்கம் மட்டும் மாறியிருக்கிறது. ஒரே ஒரு 1, 0 ஆகிவிட்டது. அந்த இலக்கத்தின் மதிப்புத்தான் 1,024.

ஓட்டைப் பானைகள்

ஒரு 1 எப்படித் தானாக 0 ஆகும்? அதற்கு நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும். கடைக்காரர் ‘ரேம்’ என்று எடுத்துக் கொடுக்கும் நீண்ட அட்டையில் கறுப்புச் சில்லுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். அச்சில்லுகளுக்குள் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் உண்டு. இந்த அமைப்பைக் கண்டறிந்து 1968-இல் காப்புரிமை பெற்றவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று கொள்வோம். 8 ஜிகாபைட் ரேமில் இத்தகைய மின்தேக்கிகள் சுமார் 6,870 கோடி!

மின்தேக்கியைப் பற்றிப் பாடத்தில் படிக்கும்போது அது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் என்று படிக்கிறோம். எவ்வளவு நேரம் என்று கேட்பதில்லை. இந்தச் சின்னஞ்சிறு மின்தேக்கி ஒவ்வொன்றிலும் இருப்பவை சில பத்தாயிரம் எலெக்ட்ரான்கள், மிஞ்சிப்போனால் ஒரு லட்சம். அவையும் மெல்ல ஒழுகிக்கொண்டே இருக்கும். 6,870 கோடி ஓட்டைப் பானைகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் முழுதும் வடிவதற்குள் ஒருவர் ஓடியோடி ஒவ்வொரு பானையாக எட்டிப்பார்த்து, தண்ணீர் இருந்தால் விளிம்புவரை நிரப்பி, இல்லாவிட்டால் காலியாகவே விட்டுச் செல்லவேண்டும். நினைவகத்தில் இந்த வேலை 64 மில்லிவினாடிக்கு ஒரு முறை முழுதும் நடந்து முடிகிறது. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் பல முறை நடந்துவிடும்.

ஏதாவது ஒரு பானையில் மட்டும் ஓட்டை சற்றுப் பெரிதாக இருந்தால்? நிரப்புபவர் வருவதற்குள் அது வடிந்துவிடும். அவர் எட்டிப்பார்த்து, காலிப் பானை என்று எண்ணிப் போய்விடுவார். 1 தொலைந்தது.

தொலைந்த பிட் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்ததே விளைவு. ஒரு நிழற்படத்தின் புள்ளியில் என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கணிப்பொறி அடுத்துச் செய்யவேண்டிய கட்டளையிலோ, அடுத்துத் தேடவேண்டிய முகவரியிலோ என்றால் அது திக்குத் தெரியாமல் நின்றுவிடும், நீலத்திரை வரும். எல்லாவற்றிலும் ஆபத்தானது ஓர் எண்ணில் நிகழ்வது. 83 என்பது இரும எண்ணில் 1010011. இதன் முதல் இலக்கம் தொலைந்தால் 0010011, அதாவது 19. தேர்வில் 83 வாங்கியவரின் கதியை நினைத்துப் பாருங்கள்! கணிப்பொறி நின்றுபோனாலாவது நமக்குத் தெரியும். இது ஓசையின்றி நடந்துவிடும்.

சில்லுக்குள் யுரேனியம்

பிட் மாறுவதற்கு ஒழுகல் மட்டுமே காரணமன்று. 1970-களின் பிற்பகுதியில் 16,384 பிட்டுகள் கொண்ட சில்லுகள் வந்தபோது ஒரு விந்தையான நோய் தலைகாட்டிற்று. சில்லில் ஒரு பிட் மாறிவிடும். அதே இடத்தில் மீண்டும் எழுதிப் படித்தால் ஒழுங்காக இருக்கும். அந்தச் சில்லைத் துருவித் துருவிச் சோதித்தாலும் பழுது தெரியாது. சற்றுக் கழித்து வேறெங்கோ ஒரு பிட் மாறும்.

இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த டிமோதி மே, மரே வுட்ஸ் என்னும் இருவர் 1978-இல் இதற்கு விடை கண்டனர். சில்லைப் பொதிந்து வைத்திருந்த பீங்கான் உறையிலேயே மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. (தோரியம் நமக்கு அயலானதன்று, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது உண்டு.) இவை சிதையும்போது ஆல்ஃபா துகள்களை வீசுகின்றன. ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்து நிறுத்திவிடும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கே வேடிக்கை என்னவென்றால், தடுக்கவேண்டிய உறையே துகளை எய்தது.

கணக்கைப் பாருங்கள். ஓர் ஆல்ஃபா துகளின் ஆற்றல் ஏறத்தாழ 50 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட். சிலிகானில் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கச் செலவாவது 3.6 எலெக்ட்ரான் வோல்ட். வகுத்தால் சுமார் 14 லட்சம் எலெக்ட்ரான்கள். இத்தனையும் தலைமுடியின் குறுக்களவில் பாதிகூட இல்லாத தொலைவுக்குள் விடுபடுகின்றன. அக்காலச் சில்லின் ஓர் அறையில் சேமித்த மின்னூட்டமும் லட்சக்கணக்கான எலெக்ட்ரான்கள் என்ற அளவில்தான் இருந்தது. காலியாக இருக்கவேண்டிய அறைக்குள் இந்த வெள்ளம் புகுந்தால் பிட் மாறாமல் என்ன செய்யும்? ஆல்ஃபா துகள் வீசும் பொருளைச் சில்லின் அருகே வைத்துப் பார்த்தார்கள், பிழைகள் பெருகின. சந்தேகம் தீர்ந்தது. உறைப் பொருளைத் தூய்மைப்படுத்தியும், சில்லின்மேல் மெல்லிய பூச்சுப் பூசியும் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தார்கள்.

மறு ஆண்டே, அதாவது 1979-இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜேம்ஸ் சீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் லான்ஃபர்டும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதே வேலையைச் செய்யும் என்று காட்டினர். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரான்கள் தரைவரை வந்து சேர்கின்றன. அவற்றை ஒரு பூச்சால் தடுக்க முடியாது. உயரம் கூடக்கூட அவை மிகும். அதனால் ஐ.பி.எம். விஞ்ஞானிகள் சில்லுகளைக் கொலராடோ மாநிலத்தில் 3,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள லெட்வில் என்னும் மலையூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். நம் உதகமண்டலத்திலும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் காஸ்மிக் கதிர்களை அளந்து வருகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் பள்ளிச் சுற்றுலாவின்போது விசாரித்துப் பாருங்கள்.

இவற்றைப் படித்தவர்கள் கணிப்பொறி நின்றவுடன் “காஸ்மிக் கதிர்!” என்று சொல்ல ஆசைப்படுவார்கள். நானும் ஆசைப்பட்டேன். ஆனால் 2009-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் நிறுவனத்தாரும் அந்நிறுவனத்தின் கணிப்பொறிகளை இரண்டரை ஆண்டுகள் கவனித்து எழுதிய ஆய்வு வேறு கதை சொல்லிற்று. ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக் கணிப்பொறிகளில் நினைவகப் பிழை தென்பட்டது; ரேம் அட்டைகளில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் பிழை காட்டின. ஒருமுறை பிழை காட்டிய அட்டையே மீண்டும் மீண்டும் காட்டிற்று. வானத்திலிருந்து வரும் துகள் அட்டை பார்த்துத் தாக்குமா? ஆகவே பெரும்பாலான பிழைகளுக்கு அட்டையின் பழுதே காரணம் என்று முடிவு செய்தார்கள்.

துகள் தாக்கி நேரும் பிழைக்கும் பழுதால் நேரும் பிழைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: முன்னது திரும்பி வராது, பின்னது அதே இடத்துக்குத் திரும்பி வரும். எங்கள் மாணவர் நோட்டில் இரண்டு முறையும் காணாமற்போனது அதே பெட்டியிலிருந்துதான். நான் அதைக் கவனித்திருக்கவேண்டும்.

இரவில் ஒளிந்த பழுது

நினைவகத்தைச் சோதிப்பதற்கென்றே புரோகிராம்கள் உண்டு. மெம்டெஸ்ட்86 என்பது 1994 முதல் வழக்கில் உள்ளது. விண்டோஸிலும் ஒன்று உள்ளேயே இருக்கிறது. முன்னதைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே ஓடவிடவேண்டும். ஏனெனில் விண்டோஸ் தானே நினைவகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. நாம் நிற்கும் பலகையை நாமே பெயர்த்துப் பார்க்க முடியாதல்லவா?

சோதனை எளியதுதான். எல்லா இடங்களிலும் 0 எழுதிப் படிப்பது. எல்லா இடங்களிலும் 1 எழுதிப் படிப்பது. பிறகு 0101 என்றும் 1010 என்றும் மாற்றி மாற்றி. வெறும் 0, வெறும் 1 போதாதா என்றால் போதாது. அடுத்த வீட்டுப் பானை நிறைந்திருக்கும்போது மட்டும் ஒழுகும் பானைகள் உண்டு. அண்டையிலுள்ள பிட்டுகளை எல்லா வகையாகவும் மாற்றிப் பார்த்தால்தான் அவை அகப்படும். எழுதியதும் படித்ததும் வேறுபட்டால் எந்த முகவரியில், எந்தப் பிட்டில் என்று திரையில் காட்டிவிடும்.

அன்று மாலை ஆறு மணிக்குச் சோதனையைத் தொடங்கி வைத்து வீட்டுக்குப் போனோம். காலையில் வந்து பார்த்தால் ஒரு பிழைகூட இல்லை. “நினைவகம் நன்றாகத்தான் இருக்கிறது” என்றேன். மாணவர் நோட்டைத் திருப்பி என் முன் வைத்தார். ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்க நேரத்தையும் குறித்து வைத்திருந்தார். தவறாகப் போன இரண்டும் பிற்பகலில் தொடங்கியவை.

“சார், ராத்திரி குளிர்ச்சியா இருந்திருக்கும். மத்தியானம் ஓட்டிப் பார்க்கலாமா?”

அது ஏப்ரல் மாதம். அந்தக் கணிப்பொறி மேற்குச் சன்னலை ஒட்டி இருந்தது. சிலிகானில் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவன் நான். ரேம் தயாரிப்பவர்களே 85 டிகிரிக்கு மேல் சூடானால் 64 மில்லிவினாடிக்குப் பதில் 32 மில்லிவினாடிக்கு ஒரு முறை நிரப்பவேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். இருந்தும் இரவில் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினோம். நாற்பதாவது நிமிடத்தில் திரையில் சிவப்பு வரி. எழுதியது 1, படித்தது 0. மேலும் சற்று நேரத்தில் இன்னொரு வரி. அதே முகவரி, அதே பிட்.

இத்துடன் ரேமைக் குற்றவாளி என்று தீர்த்துவிடலாமா? கூடாது. அட்டை நன்றாக இருந்து, அது செருகியுள்ள இடத்தில் தூசியோ துருவோ இருக்கலாம், மதர்போர்டில் கோளாறு இருக்கலாம், மின்வழங்கி தளர்ந்திருக்கலாம். பிழைகள் ஒரே முகவரியில் வந்தால் அட்டையின் ஓர் அறை பழுது என்று ஐயுறலாம். பல முகவரிகளில், ஆனால் ஒரே பிட்டில் வந்தால் இணைப்பு முள்ளைப் பார்க்கவேண்டும். ஒழுங்கே இல்லாமல் எங்கும் சிதறி வந்தால் மின்வழங்கியையும், ரேம் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுமாறு யாரேனும் மாற்றி வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்கவேண்டும். இவை ஐயங்களே. தீர்ப்பதற்கு ஒரு வழிதான் உண்டு: இடத்தை மாற்றிப் பார்ப்பது.

எங்கள் கணிப்பொறியில் இரண்டு ரேம் அட்டைகள். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, உடலிலுள்ள நிலைமின்னூட்டம் இறங்குவதற்காக இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டு ஒன்றைக் கழற்றினோம். மற்றதை மட்டும் வைத்து ஒரு பிற்பகல் முழுதும் சோதித்தோம்: பிழை இல்லை. அதை எடுத்துவிட்டுக் கழற்றியதைச் செருகினோம்: பிழை வந்தது. அதையே இரண்டாவது இடத்தில் மாற்றிச் செருகினோம்: அங்கும் வந்தது. பிழை செருகிய இடத்தில் தங்கவில்லை. அட்டையோடு கூடவே போயிற்று. இப்போதுதான் தீர்ப்பு.

ஒன்பது நாட்களில் இரண்டு மிச்சம். நல்ல அட்டையை மட்டும் வைத்து மாணவர் பிற்பகலிலேயே புரோகிராமை ஓடவிட்டார். 20,000 பேரும் வந்து சேர்ந்தார்கள்.

தன்னைத் தானே திருத்தும் நினைவகம்

பிட் மாறியதைக் கணிப்பொறியே கண்டுபிடிக்க முடியாதா? முடியும். உங்கள் வகுப்பாசிரியரின் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கூட்டல், ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கூட்டல். நடுவில் ஓர் எண் தவறினால் ஒரு வரிசைக் கூட்டலும் ஒரு பத்திக் கூட்டலும் இடிக்கும்; இரண்டும் சந்திக்கும் கட்டத்தில்தான் தவறு. பிட்டில் 0-வும் 1-உம் தவிர வேறில்லையாதலால், தவறிய இடம் தெரிந்தாலே திருத்தியதாயிற்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதிகளில் ஓடவிட்ட கணக்குகள் பிழையால் நின்றுபோனதைக் கண்டு எரிச்சலடைந்து, இதைவிடச் சிக்கனமான ஒரு முறையை வகுத்து 1950-இல் வெளியிட்டார். நான்கு பிட்டுகளுக்கு மூன்று காவல் பிட்டுகள் போதும். இன்று வங்கிகளும் பெரிய கணிப்பொறி நிலையங்களும் பயன்படுத்தும் ரேமில் 64 பிட்டுகளுக்கு 8 காவல் பிட்டுகள் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் விலையைக் கருதி இதை வைப்பதில்லை. ஆய்வுக் கணக்குகள் ஓடும் கல்லூரிக் கணிப்பொறிக்கும் அப்படியே வாங்குவது சிக்கனமன்று என்பது என் கருத்து.

பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்னும் நகரில் 2003 மே மாதத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குக் கிடைக்க வழியே இல்லாத அளவுக்கு வாக்குகள் விழுந்திருந்தன. மீண்டும் எண்ணியபோது மிகையாக வந்தவை 4,096 என்று தெரிந்தது. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள்! அந்தக் கணிப்பொறியைச் சோதித்தார்கள். பிழை திரும்பி வரவில்லை. ஒரு பிட் தானாகத் தலைகீழாயிற்று என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. காஸ்மிக் கதிர்தான் காரணம் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். இருக்கலாம், ஆனால் பார்த்த சாட்சி இல்லை.

எங்கள் சாட்சி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சென்ற ஜனவரியில் அந்த அட்டையை வேறொரு கணிப்பொறியில் செருகிக் காலை எட்டு மணிக்குச் சோதித்தோம். ஒரு மணி நேரம் ஓடியும் பிழை இல்லை. பிறகு தலைமுடி உலர்த்தும் கருவியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து வெப்பக்காற்றை அதன்மேல் வீசச் செய்தோம். (வீட்டுக் கணிப்பொறியில் இதைச் செய்யவேண்டாம், அது எப்படியும் பழுதான அட்டை.) பதினோராம் நிமிடம் சிவப்பு வரி வந்தது. நோட்டை எடுத்து ஒப்பிட்டோம். அதே பிட்.